நன்றாக வேலை செய்த ஒரு வீடியோ

பனி மூடிய நாள்

அன்று புசல்லாவையில் எதிரே வரும் பஸ்ஸின் லைட் மட்டும்தான் தெரிந்தது. ட்ரைபொட், லைட், கிம்பல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கண்டியிலிருந்து பஸ்ஸில் போயிருந்தேன். மேலே ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு ரீல் எடுக்க வேண்டும். உரிமையாளர் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"வியூ இல்லாம என்னத்த எடுக்கிறது மிஸ்? வேற ஒரு நாளைக்கு வாங்க."

அவர் சொன்னது சரிதான். ஜன்னலைத் திறந்தால் தேயிலை மலை தெரியும் என்பதைத்தான் அவர் விற்கிறார். அன்று ஜன்னலைத் திறந்தால் வெள்ளையாக ஒரு சுவர்.

ஒரு நாள் வேலை வீண். ஆபீஸில் என் பொஸ் நஸீர் நானாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடியே ரோட்டுக்கு இறங்கி, பஸ் வரும்வரை குளிருக்கு ஒதுங்கலாம் என்று ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். வெளியே பெயர்ப்பலகை இல்லை. உள்ளே மூன்று மேசைகள், ஒரு கண்ணாடி அலுமாரி, பின்பக்கம் விறகடுப்பு. அடுப்பில் பெரிய இரும்புத் தட்டு. குளிருக்கு முக்காடு போட்டிருந்த, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அதில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் போட்டுப் பிசைந்த தோட்டத்து ரொட்டி. வெறும் விரலால் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பதும் திருப்புவதுமாக இருந்தார். அவர் பெயர் ஜெயராணி. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு கல்லாவையும் பார்த்தவர் அவருடைய கணவர் சந்திரன். இருவரும் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்கள். சந்திரன் கொழும்பில் பல வருடம் கடைகளில் நின்றுவிட்டு ஊருக்குத் திரும்பி, அந்த இடத்தை வாடகைக்கு எடுத்துக் கடை போட்டிருந்தார்.

ட்ரைபொட்டைப் பார்த்ததும் சந்திரன் கேட்டார். "டீவியா மிஸ்?"

"இல்லண்ணே. கடைகளுக்குச் சின்ன சின்ன வீடியோ எடுக்கிற. போன்ல வருமே, அது."

"நம்ம கடைக்கும் ஒண்ணு எடுத்துத் தர முடியுமா?"

அடுப்பிலிருந்து ஜெயராணி திரும்பாமலே சொன்னார். "வர்றவங்களுக்கே அடுப்பு பத்தல. வீடியோ எடுத்து இன்னும் யாரக் கூப்பிடப் போறீங்க?"

"நீ சும்மா இரு ராணி. முந்தி பஸ்ஸெல்லாம் நம்ம வாசல்லதான் நிக்கும் மிஸ். இப்ப மேல புது ஹோட்டல் வந்திருச்சு, அங்க போய் நிக்குது. யாவாரம் ரொம்ப கொறஞ்சு போச்சு."

என்னிடம் ஒரு முழு நாள் சும்மா கிடந்தது. பசியும் இருந்தது. "காசு வேணாம் அண்ணே, எனக்கு ரொட்டி தாங்க. எடுத்துத் தாறேன்" என்றேன்.

முதல் மூன்று செக்கன்

நஸீர் நானா எனக்குச் சொல்லித்தந்த தொழில் ஒரே வசனத்தில் அடங்கும். "பாருங்க தங்கச்சி, முதல் மூணு செக்கன்ல ஆளப் புடிக்கோணும். இல்லாட்டி அவன்ட பெருவிரல் போயிரும்." கண்டி நகரத்தில் ஒரு போன் கடைக்கு மேல் மாடியில் இருந்த எங்கள் ஆபீஸில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். கலர், மியூசிக், எழுத்து, எதுவானாலும்.

சுட்ட ரொட்டிகளை அடுக்கி ஈரத்துணியால் மூடி வைப்பது ஜெயராணியின் வழக்கம். அந்தத் துணியைத் தூக்கும்போது ஆவி குப்பென்று எழும்பி, கதவு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்த பனியோடு கலந்தது. காலையில் என் வேலையைக் கெடுத்த அதே பனி. அதுதான் என் முதல் ஷொட்.

அடுத்தது அவருடைய குரல். யார் எழும்பி அவசரப்பட்டாலும் அவர் ஒன்றைச் சொல்வார். கமரா ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் பாதி ரொட்டியை வைத்துவிட்டு பஸ் சத்தம் கேட்டு எழும்பினார். ஜெயராணி அவர் தோளை அமத்தி, "சாப்பிட்டுப் போங்க, பஸ் நிக்கும்" என்றார். சொல்லிவிட்டு கமரா இருப்பது ஞாபகம் வந்து வெட்கப்பட்டுச் சிரித்தார். இதை எந்த நடிகையாலும் செய்து தர முடியாது. அப்படி ஒன்று கையில் கிடைத்துவிட்டால் எங்களுக்குத் தெரியும். உடம்பு கொஞ்சம் சுடும்.

பஸ்ஸில் வரும்போதே எடிட் பண்ணினேன். கெப்ஷன் எழுதப் போனபோதுதான் கடைக்குப் பெயரே இல்லை என்பது உறைத்தது. பெயர் இல்லாமல் யாரும் தேடி வர முடியாது. 'ராணி ரொட்டி' என்று நானே அடித்தேன். கடை வாசலில் நின்றபோதே மேப்பில் லொகேஷனையும் போட்டு வைத்திருந்தேன். பேராதனை வருவதற்குள் வீடியோ என் பேஜில் ஏறிவிட்டது.

மாவு முடிந்த ஞாயிறு

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் கிராஃப் ஏறத் தொடங்கியது. பிறகு அது இறங்கவே இல்லை. சாப்பாட்டுப் பேஜ்கள் எல்லாம் அதை எடுத்துத் தங்கள் பேஜில் போட்டன. வெளிநாட்டில் இருக்கும் மலையகத்துப் பிள்ளைகள் கீழே அழுது எழுதினார்கள். கொழும்பில் இருப்பவர்கள் "லொகேஷன் ப்ளீஸ்" என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கு வேறு யாரோ பதிலும் போட்டார்கள். நஸீர் நானா ஆபீஸில் எல்லோருக்கும் ரோல்ஸ், பெட்டிஸ் என்று சோர்ட்டீஸ் வாங்கித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சந்திரன் போன் எடுத்தார். பின்னால் ஒரே சத்தம்.

"மிஸ், மாவு முடிஞ்சிருச்சு மிஸ்! கடையில மாவு முடிஞ்சு ஆளுங்கள திருப்பி அனுப்புறோம். கார் வரிசையா நிக்குது. நான் இப்பிடி பாத்ததே இல்ல!"

அவர் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு வேலைக்காக எனக்குக் கிடைத்த பெரிய சம்பளம் அதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அடுத்த கிழமை நானே போய்ப் பார்த்தேன். தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து இரண்டு பெண்களை உதவிக்கு எடுத்திருந்தார்கள். சந்திரன் 'ராணி ரொட்டி' என்று பெயின்டால் எழுதி ஒரு பலகை மாட்டியிருந்தார். வழக்கமாக வரும் பஸ் கொண்டக்டர் ஒருவர் வெளியே பிளேன்டீயோடு நின்றுகொண்டிருந்தார். "எங்களுக்கு உக்கார எடமில்லாம பண்ணிட்டீங்களே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்குப் பிறகு அவரை நான் அங்கே பார்க்கவில்லை.

ஜெயராணியின் விரல்களில் துணி சுற்றியிருந்தது. "ஓய்வில்ல தங்கச்சி. அதோட, வர்றவங்க எல்லாம் அந்த வார்த்தய சொல்லச் சொல்லி போன தூக்கிப் புடிக்கிறாங்க. கார்ல வந்தவங்களுக்கு என்னா பஸ்ஸு?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

கிளாக்கரய்யா

அந்தக் கட்டடம் தோட்டத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற ஒருவருக்குச் சொந்தம். ஊரில் எல்லோரும் அவரைக் கிளாக்கரய்யா என்றே கூப்பிடுவார்கள். முன்பெல்லாம் வாடகை வாங்க மட்டும் வருபவர், கூட்டம் வரத் தொடங்கியதும் தினமும் வந்து மூலையில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சந்திரன் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டார். ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுத்துக் காசு வாங்கமாட்டார்.

சில மாதங்களில் சந்திரனிடமிருந்து மறுபடி போன் வந்தது. இந்த முறை சத்தமே இல்லை. "கடைய விடச் சொல்றாரு மிஸ். நீங்க படிச்சவங்க, ஒரு வார்த்த வந்து பேசினா கேப்பாரோ என்னமோ."

போனேன். கிளாக்கரய்யா கெட்ட மனிதர் இல்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். எங்களை உட்காரச் சொல்லி பிஸ்கட்டும் தேத்தண்ணியும் வைத்தார். கதவோரம் அவருடைய மகன் பிரதீபன் நின்றிருந்தான்.

"நான் யாரையும் ஏமாத்தலம்மா. சந்திரன் ஒழுங்கா வாடக தந்தான், நான் ஒழுங்கா வாங்கினேன். எம்பையன் கட்டார்ல வெயில்ல நின்னு வேல செஞ்சுட்டு வந்திருக்கான். திரும்பவும் போ, நில்லுனு நான் எப்பிடி சொல்றது? அவனுக்கும் ஒரு வழி பண்ணணும்ல. எடம் என்னோடதுதானே."

"கடைய பெரிசாக்கினதே இவங்கதானே ஐயா. இந்த ஆக்கள் வாறது இவங்கட கைக்காகத்தானே" என்றேன்.

"வாஸ்தவம். அது எம்புட்டு வருஷமா சும்மா கெடந்த எடம்! அந்த எடத்துக்கு இப்பிடி ஒரு மதிப்பு இருக்குனு உங்க வீடியோவப் பாத்துத்தாம்மா எனக்கே தெரிஞ்சுச்சு."

எனக்கு நன்றி சொல்லும் குரலில்தான் சொன்னார்.

எழுத்தில் ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் ஒரு அட்வான்ஸ், பிறகு மாதாமாதம் கையில் வாடகை, அவ்வளவுதான். அட்வான்ஸை அவர் குறையில்லாமல் திருப்பிக் கொடுத்தார்.  வெளியே வந்ததும் சந்திரன், பஸ் வரும்வரை என் ட்ரைபொட் பையைத் தானே தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

கடையை விட்ட அன்று தன் பெயின்ட் பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். பத்து நாளைக்குள் அதே இடத்தில் லைட் போட்ட பெரிய போர்டு ஏறியது. 'ராணி ரொட்டி'. பிரதீபன் அந்தப் பெயரைப் பிரதேச செயலகத்தில் தன் பெயரில் முறைப்படி பதிந்துவிட்டான். கடைப் பெயரைப் பதிய வேண்டும் என்று சந்திரனுக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் நான் அடித்த ஒரு பெயருக்குப் பதிவு என்று ஒன்று இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை.

டூப்ளிகேட்

சந்திரனும் ஜெயராணியும் தோட்டத்துக்குத் திரும்பும் கிளை ரோட்டில் ஒரு சிறிய அறை எடுத்தார்கள். அதே இரும்புத் தட்டு, அதே மாவு, அதே கை. நான் மறுபடி போய் வீடியோ எடுத்தேன். "நாங்க இப்ப இங்கதான் இருக்கோம், வாங்க" என்று ஜெயராணியையே பேச வைத்தேன். முதல் செக்கனை மூன்று விதமாக வெட்டிப் போட்டுப் பார்த்தேன். என் கைக்காசில் பூஸ்டும் பண்ணினேன். எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் செய்தேன்.

ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

பழையது மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. என் பேஜிலிருந்து அதை அழித்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. யார் யாரோ எடுத்துப் போட்ட பிரதிகள் எண்ணிக்கையில்லாமல் இருந்தன, எல்லாவற்றிலும் பழைய லொகேஷன். மேப்பில் இடத்தை மாற்றிப் பார்த்தேன். போகிறவர்கள் எல்லோரும் பழைய இடத்தில் நின்று 'ஆம், சரியான இடம்தான்' என்று அழுத்த, அது திரும்பவும் அங்கேயே போய் நின்றது. ஜெயராணியின் முகம், ஜெயராணியின் குரல், ஜெயராணியின் கையில் எழும்பிய ஆவி மூன்றும் சேர்ந்து, அவர்களை வெளியே அனுப்பிய வாசலுக்கே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போயின.

புது வீடியோவைப் பார்த்த கொஞ்சப் பேரும் கீழே எழுதியது இதுதான்:

"ஏமாறாதீங்க, ஒரிஜினல் மெயின் ரோட்ல இருக்கு."

"பேர திருடி டூப்ளிகேட் கடை போட்டிருக்காங்க."

"அந்த அக்கா மாதிரியே ஒரு ஆள புடிச்சிட்டு வந்திருக்காங்க பாருங்க. ஆனா அந்த சிரிப்பு வரல."

சந்திரன் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். 'நாங்கள்தான் உண்மையான ராணி ரொட்டி. தயவு செய்து வந்து பாருங்கள்.' எழுத எழுதச் சிரிக்கும் முகங்களாக வந்து விழுந்தன. "விடுங்கண்ணே, இனி எழுத வேணாம்" என்றேன். "பொய் சொல்றாங்களே மிஸ்" என்றார்.

ஜெயராணிக்கு அந்தச் சின்ன எழுத்தை வாசிக்க முடியாது. 'அந்த அக்கா மாதிரியே ஒரு ஆள' என்று எழுதியிருந்ததை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. கேட்டுவிட்டுக் கையிலிருந்த மாவை உருட்டி முடித்தார்.

"அப்ப நான் யாராம்?" என்றார்.

அந்தக் கடை ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

இதற்கிடையில் பிரதீபன் எங்கள் ஆபீஸுக்கு வந்தான். மாதம் இத்தனை வீடியோ என்று பெக்கேஜ் கேட்டான். பழைய வீடியோ எடுத்தவரே வேண்டுமாம். நான் முடியாது என்றேன். நஸீர் நானா என்னைத் திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் பேசினார்.

"தங்கச்சி, வீடியோ வேல செஞ்சிரிக்கி. அதுதான் நம்மட வேல. யாருக்கு வேல செஞ்சதெண்டு பாக்கிறது நம்மட வேல இல்ல."

"அது யாருக்குச் செய்யோணுமெண்டு எடுத்தனோ அவங்களுக்குச் செய்யல்லயே நானா."

"நீங்க எடுக்காட்டி இன்னொரு ஆள் எடுப்பாங்க."

எடுத்தார்கள். எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த பிள்ளைதான் எடுத்தது. நன்றாகவும் எடுத்தது.

வீடியோவில் வரும் அக்கா

புதுக் கடைக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் "வீடியோவில வர்ற அக்கா எங்க?" என்று கேட்டார்கள். கொஞ்ச நாள் "லீவு" என்று சொல்லிப் பார்த்தார்கள். பிறகு பிரதீபனே லயத்துக்குத் தேடிப் போய் ஜெயராணியை வேலைக்குக் கூப்பிட்டான். சந்திரன் எழும்பி வெளியே போய்விட்டாராம். ஜெயராணி அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனார்.

இதை நான் கேள்விப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நம்பாமல் ஒரு நாள் போனேன். விறகடுப்பு இருந்த இடத்தில் நீளமான கேஸ் தட்டு. ஜெயராணியின் தலையில் தொப்பி, முன்னால் ஏப்ரன். ஏப்ரனில் கடைப் பெயரும், தலையில் முக்காடு போட்டுச் சிரிக்கும் ஒரு பெண்ணின் படமும். யாரைப் பார்த்து வரைந்தது என்று கேட்கத் தேவையில்லை. தட்டுக்கு முன்னால் இருந்த கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவள் நான். அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வாங்க தங்கச்சி. ரொட்டி சாப்பிடுறீங்களா?"

"ஏன் அக்கா இங்க வந்தீங்க?"

"வீட்ல ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டு எத்தன நாளைக்கு இருக்கிறது? எனக்குத் தெரிஞ்சது ரொட்டி தட்டுறது. யாரு தட்டுல தட்டினா என்னா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவருதான் நான் இங்கயிருந்து கொண்டு போற ரொட்டிய தொடமாட்டேங்கிறாரு. கடையில வாங்கின பாணுதான் சாப்பிடுறாரு."

அதற்குள் யாரோ, "அக்கா, அத ஒருக்கா சொல்லுங்களேன்" என்றார்கள். ஜெயராணி அந்தப் பக்கம் திரும்பி, கேட்டதைச் சொன்னார். சிரித்தார். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். என் போன் பைக்குள்ளேயே இருந்தது.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் மூன்று செக்கன் ஹுக் பற்றியும் ட்ரெண்டிங் ஓடியோ பற்றியும் கேட்கிறார்கள். அதெல்லாம் எங்கும் படிக்கலாம். நான் சொல்வது வேறு. கமராவைப் பையிலிருந்து எடுக்குமுன் கேளுங்கள்: கட்டடம் யாருடையது? எழுத்து இருக்கிறதா? பெயரைப் பதிந்தாயிற்றா? ஓடாத வீடியோவால் ஒரு கடைக்கு நட்டம் கொஞ்சம்தான். ஓடுகிற வீடியோ, அந்த இடம் என்ன பெறும் என்பதை எல்லோருக்கும் சொல்லிவிடும். இடத்துக்குச் சொந்தக்காரரும் போன் பார்ப்பார்.

நான் இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். பிலிமத்தலாவையில் ஒரு கடைக்காரர் எரிந்து விழுந்தார். "நீங்க வீடியோ எடுக்க வந்தீங்களா, காணி உறுதி பாக்க வந்தீங்களா?" பெரும்பாலானவர்கள் கோபிப்பதில்லை. "எழுத்தெல்லாம் இல்ல மிஸ், நல்ல மனுசன், ஒண்ணும் செய்ய மாட்டாரு" என்கிறார்கள். வீடியோ தேவைப்படும் சிறிய கடைகளில் அநேகமாக எல்லாமே இப்படித்தான். என் பாடத்தை நானே கடைப்பிடித்தால் எடுப்பதற்கு ஒரு கடையும் மிஞ்சாது. ஆகவே கேட்கிறேன், பதிலைக் கேட்டுக்கொள்கிறேன், பிறகு லைட்டை மாட்டுகிறேன்.

போன மாதம் அந்தப் பக்கம் ஒரு வேலைக்குப் போய்விட்டு, கம்பளை வரை இறங்க ஒரு த்ரீவீலை மறித்தேன். ஓட்டி வந்தவர் சந்திரன். யாருடையதோ வண்டியை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். கண்டிப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஏறி உட்கார்ந்து ராணி ரொட்டிக்குப் போகச் சொல்வார்களாம். கொண்டுபோய் விடுவாராம். வாசல் வரை போகாமல் வளைவிலேயே இறக்கிவிட்டு, "அந்தா தெரியுது பாருங்க" என்று கையைக் காட்டிவிட்டு வந்துவிடுவாராம்.

வளைவு ஒன்றைத் தாண்டியதும் கேட்டார்.

"மிஸ், ஒண்ணு கேக்கவா? அந்த வீடியோ இன்னும் எத்தன நாளைக்கு ஓடும்?"

அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த உண்மையைச் சொன்னேன். எதுவும் என்றைக்கும் ஓடாது, வேறு ஒரு கடை வரும், வேறு ஒரு அக்கா வருவார், சனம் இதை மறந்துவிடும் என்றேன்.

"அப்ப அங்க கூட்டம் கொறஞ்சிரும்."

"கொறையும் அண்ணே."

"கொறஞ்சா ராணிய வேலயில இருந்து நிப்பாட்டிருவாங்க."

 பின்னால் வந்த பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது. அவர் ஓரம் கட்டி அதற்கு வழிவிட்டு, மறுபடி ரோட்டுக்கு ஏறினார்.

"அப்ப ஓடட்டும் மிஸ்" என்றார்.